காரணம் எழுதிய தாள்

திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகை பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆந்திரா ஒன்றும் தொலைவான வெளிமாநிலம் இல்லை. கொள்வினை கொடுப்பினைக்கும் வேலைக்கும் நகரி, புத்தூர் என்று போய்வந்துகொண்டே இருப்பார்கள். எல்லை பக்கத்தில் இருப்பது சில ஆகாத தொழில்களுக்கும் வசதி. சாராயமோ கஞ்சாவோ கடத்தி ஒருவர் மாட்டிக்கொண்டால், எல்லைக்கு எந்தப் பக்கம் மாட்டினார் என்பதைப் பொறுத்து அவர் மீது பாயும் சட்டத்தின் பெயர் மாறும். தமிழ்நாட்டில் ‘குண்டாஸ்’, ஆந்திரத்தில் ‘பி.டி. ஆக்ட்’. முன்னது 1982இல் வந்தது, பின்னது 1986இல். சரக்கு என்னவோ ஏறத்தாழ ஒன்றுதான்: நீதிமன்றத்தில் எதையும் நிரூபிக்காமல், இனிமேல் இவர் தப்பு செய்வார் என்ற கணிப்பை மட்டும் வைத்து ஓராண்டு வரை ஒருவரை உள்ளே வைத்திருக்கலாம்.

திருவள்ளூர் மாவட்டத்தில் இப்படி ஓர் ஆணை பிறந்தால் அநேகமாக ஆள் ஏற்கெனவே புழல் சிறையில் ரிமாண்டில் இருப்பார். ஆணை அங்கேயே போய்ச் சேரும். ஐந்து நாளுக்குள் அவர் கையில் தைத்த கட்டு ஒன்றையும் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார்கள். வக்கீல்கள் அதை ‘புக்லெட்’ என்பார்கள். முதல் தகவல் அறிக்கை, கைதுக் குறிப்பு, ஒப்புதல் வாக்குமூலம், ரிமாண்ட் உத்தரவு, ஆய்வக அறிக்கை, இதே போன்ற வேறு வழக்கில் யாருக்கோ கிடைத்த ஜாமீன் உத்தரவின் நகல் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். கடைசியாகச் சொன்ன அந்த நகல்தான் முக்கியம். ‘அவருக்கு ஜாமீன் கிடைத்தது, இவருக்கும் கிடைத்துவிடும், வெளியே வந்தால் மறுபடியும் செய்வார்’ என்று ஆட்சியரோ ஆணையரோ முடிவுக்கு வந்ததற்கு அதுதான் ஆதாரம்.

அந்தக் கட்டு கிடைத்த அன்றே ஒரு வக்கீல் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டத் தொடங்குகிறார். எந்தப் பக்கம் ஜெராக்ஸில் மங்கிப்போயிருக்கிறது? எந்த ஆங்கில ஆவணத்திற்குத் தமிழாக்கம் இணைக்கவில்லை? எடுத்துக்காட்டிய ஜாமீன் வழக்கு உண்மையிலேயே இதைப் போன்றதுதானா? குடும்பத்தார் அனுப்பிய மனுவை அரசு எத்தனை நாள் கிடப்பில் போட்டது? சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக்களால் ரத்தாகும் தடுப்புக் காவல் ஆணைகளில் கணிசமானவை இப்படிப்பட்ட ஓட்டைகளால்தான் ரத்தாகின்றன. ஆள் குற்றவாளியா இல்லையா என்ற கேள்வியைப் பெரும்பாலும் யாரும் தொடுவதே இல்லை.

தனிமனிதச் சுதந்திரம் ஒரு மங்கிய ஜெராக்ஸ் பக்கத்தை நம்பி நிற்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் விசாரணையின்றிக் காவலில் வைக்கும் வழக்கத்திற்குத் தென்னிந்தியாவில் இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாறு முழுக்கச் சண்டை அந்தத் தாளைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது. ஒருவரை ஏன் அடைத்தோம் என்று அரசு எழுதிக் கொடுக்க வேண்டுமா, எத்தனை நாளுக்குள், யாரிடம் காட்ட வேண்டும்? பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்கள் வந்த பிறகும் கேள்வி அதுவேதான்; காரணத்தாளின் இடத்திற்குக் குற்றப்பத்திரிகை வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கதை வேலூர்க் கோட்டையில் தொடங்குகிறது. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815இல் பிடிபட்டு, அடுத்த ஆண்டு குடும்பத்தோடு வேலூருக்குக் கொண்டுவரப்பட்டான். எந்த நீதிமன்றமும் அவனை விசாரிக்கவில்லை. 1832இல் சாகும்வரை அரசக் கைதியாகவே இருந்தான். பாலாற்றங்கரையில் அவன் சமாதி இன்றும் இருக்கிறது. அவன் உள்ளே இருந்த காலத்தில்தான் கிழக்கிந்தியக் கம்பெனி இந்த வழக்கத்தைச் சட்டமாக எழுதியது. வங்காளத்தில் 1818ஆம் ஆண்டின் மூன்றாம் ஒழுங்குமுறை, சென்னை மாகாணத்தில் 1819ஆம் ஆண்டின் இரண்டாம் ஒழுங்குமுறை. அரசின் நலனுக்காக, நீதிமன்ற நடவடிக்கை எதுவும் இன்றி, ஆளைக் காவலில் வைக்கலாம். கைதியின் உடல்நலம் பற்றி அவ்வப்போது அறிக்கை அனுப்ப வேண்டும், தகுதிக்கேற்ற படிப்பணம் தர வேண்டும் என்றெல்லாம் அந்த ஒழுங்குமுறை அக்கறையோடு விதித்தது. அவரை ஏன் பிடித்தோம் என்று அவரிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் விதிக்கவில்லை.

ஒரு நூற்றாண்டு கழித்து முதல் உலகப் போர். 1915ஆம் ஆண்டின் இந்தியப் பாதுகாப்புச் சட்டம் பஞ்சாப், வங்கப் புரட்சியாளர்களை மனதில் வைத்து வந்தது. சென்னையில் அது பாய்ந்ததோ எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி மீது. ஹோம் ரூல் கிளர்ச்சி நடத்திய அன்னி பெசன்ட்டையும் சகாக்கள் ஜார்ஜ் அருண்டேல், பி.பி.வாடியா இருவரையும் 1917 ஜூனில் ஆளுநர் பென்ட்லண்டின் அரசு காவலில் வைத்தது. அவர்கள் ஊட்டிக்குப் போனார்கள். அங்கே ‘குலிஸ்தான்’ என்ற வீட்டுத் தோட்டத்தில் பெசன்ட் ஹோம் ரூல் கொடியை ஏற்றினார். உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற எஸ்.சுப்பிரமணிய ஐயர் அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கே இதைப் பற்றிக் கடிதம் எழுதினார். அது சர்ச்சையானபோது தன் ‘சர்’ பட்டத்தைத் துறந்தார். மூன்றே மாதத்தில், செப்டம்பரில், மூவரும் விடுதலை. டிசம்பரில் கல்கத்தா காங்கிரசுக்கு பெசன்ட் தலைவர். குண்டு வீசுபவர்களுக்காகச் செய்த சட்டம் பேசுபவர் மீது பாய்ந்ததற்கு இந்த மாகாணத்தில் அதுதான் முதல் பெரிய உதாரணம். கடைசி உதாரணம் அல்ல.

போர் முடிந்த பிறகும் அந்த அதிகாரத்தை விட அரசுக்கு மனம் வரவில்லை. 1919 மார்ச்சில் ரௌலட் சட்டம் நிறைவேறியபோது காந்தி சென்னையில் இருந்தார், கதீட்ரல் சாலையில் ராஜாஜி குடியிருந்த வீட்டில். நாடு முழுக்க ஒருநாள் கடையடைப்பு நடத்தலாம் என்ற எண்ணம் அந்த வீட்டில்தான், விடியற்காலை அரைத் தூக்கத்தில் தோன்றியது என்று தன் சுயசரிதையில் காந்தி சொல்கிறார். விசாரணையில்லாமல் இரண்டாண்டு வரை ஆளை அடைக்க வகைசெய்த சட்டத்தை எதிர்த்துத்தான் அந்த ஹர்த்தால். விருந்தளித்த ராஜாஜியை இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். முப்பத்திரண்டு ஆண்டு கழித்து அவர் இந்தக் கதைக்குள் வேறொரு வேடத்தில் வருகிறார்.

1947 ஆகஸ்ட் 15 அன்று கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் கண்ணூர்ச் சிறையில் இருந்தார். மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் சேர்ந்தது. அக்டோபரில் வெளியே வந்தார், டிசம்பரில் மறுபடியும் உள்ளே போனார். சாதாரணச் சட்டப்படி அவருக்குக் கிடைத்த தண்டனைகளை மேல் நீதிமன்றங்கள் ரத்து செய்தன. ஆனால் ஓர் ஆணை முடியும் முன்னே அடுத்த காவல் ஆணை வந்தது. சென்னை மாகாணப் பொது அமைதிப் பராமரிப்புச் சட்டம் அப்போது கம்யூனிஸ்டுகளை வரிசையாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. தெலங்கானாவில் ஆயுதப் போராட்டம் நடந்த காலம் அது. அரசின் பயத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்தப் பயம் சிறைக்குள்ளும் புகுந்தது. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்தியச் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் இறந்தார்கள். குடியரசு பிறந்து பதினாறு நாள்தான் ஆகியிருந்தது.

அதே மாதம் வல்லபாய் படேல் தடுப்புக் காவல் சட்டத்தை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தார். இதைக் கொண்டுவரும் முன் பல இரவு தூக்கம் வரவில்லை என்று அவையில் சொன்னார். ஓராண்டுக்கு மட்டும் என்றுதான் கொண்டுவந்தார். அந்தச் சட்டம் 1969 கடைசி நாள் வரை உயிரோடு இருந்தது.

அதற்கு இடம் வைத்தது அரசியலமைப்புதான். கைதானவரிடம் காரணம் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்று சொல்லும் அதே 22ஆம் பிரிவு, அடுத்த வரியிலேயே தடுப்புக் காவல் கைதிக்கு இதெல்லாம் கிடையாது என்கிறது. அவருக்கு மிச்சம் இரண்டு: கூடிய விரைவில் காரணங்களைத் தெரிவித்து முறையிட வாய்ப்புத் தர வேண்டும், மூன்று மாதத்துக்கு மேல் வைக்க வேண்டுமானால் அறிவுரைக் கழகம் சரி என்று சொல்ல வேண்டும். அந்தக் கழகத்தின் முன் வக்கீல் வைத்து வாதாட உரிமை இல்லை. 1949 செப்டம்பரில் இந்தப் பிரிவை முன்மொழிந்த அம்பேத்கர், தனிமனிதச் சுதந்திரம் பற்றிய முந்தைய பிரிவில் விட்டதற்கு இது ஓர் ஈடு என்றார். சிறைகளில் பல ஆண்டுகள் கழித்திருந்த மகாவீர் தியாகி எழுந்து, வரைவுக் குழுவினர் உறுப்பினராகும் முன் கொஞ்ச நாள் இப்படிக் காவலில் இருந்து பார்த்திருக்கலாம் என்ற பொருள்படப் பேசினார்.

1950 மார்ச் 1 அன்று சிறையில் இருந்த கோபாலனிடம் புதிய சட்டத்தின்படி புதிய ஆணையைக் கொடுத்தார்கள். அவர் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். ‘ஏ.கே.கோபாலன் எதிர் சென்னை மாநிலம்’, புதிய அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளை உரசிப் பார்த்த முதல் பெரிய வழக்கு. அவருக்காக வாதாடியவர் எம்.கே.நம்பியார். தனிமனிதச் சுதந்திரத்தைப் பறிக்கும் சட்டம் நியாயமானதாகவும் இருக்க வேண்டும், நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டது என்பது மட்டும் போதாது என்பது அவர் வாதம். மே 19 அன்று பெரும்பான்மை நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. நீதிபதி ஃபஸல் அலி மாறுபட்டார். குற்றச்சாட்டைத் தெரிவிப்பது, பதில் சொல்ல வாய்ப்புத் தருவது, நடுநிலையான ஒருவர் விசாரிப்பது இதெல்லாம் இல்லாத நடைமுறை நடைமுறையே அல்ல என்றார். அவர் சொன்னது சட்டமாக 28 ஆண்டு ஆயிற்று. 1978இல் மேனகா காந்தி வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் அந்தப் பக்கம் வந்தது.

கோபாலன் தோற்றார் என்றுதான் சட்டக் கல்லூரிகளில் சொல்லித் தருகிறார்கள். ஆனால் அவர் ஒன்றை ஜெயித்தார். தடுப்புக் காவல் சட்டத்தின் 14ஆம் பிரிவு, காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்தில் யாரும் வெளியிடக் கூடாது, கைதியே சொன்னாலும் அது குற்றம் என்றது. கையில் தாளைக் கொடுத்துவிட்டு வாயைத் தைத்துவிடும் ஏற்பாடு. அந்தப் பிரிவு செல்லாது என்று நீதிமன்றம் அடித்தது. இன்று ஒரு வக்கீல் புக்லெட்டை உயர் நீதிமன்ற மேசை மீது விரித்து வாதாட முடிகிறது என்றால் அந்தப் பாதை அங்கே திறந்ததுதான். கோபாலன் 1952 தேர்தலில் மக்களவைக்குப் போனார்.

படேல் 1950 டிசம்பரில் காலமானார். உள்துறை ராஜாஜி கைக்கு வந்தது. தடுப்புக் காவல் சட்டத்தை நீட்டிக்கும் திருத்தத்தை 1951 பிப்ரவரியில் அவர்தான் நாடாளுமன்றத்தில் முன்வைத்தார். ரௌலட்டை எதிர்க்கும் யோசனை பிறந்த வீட்டுக்காரர், அதன் பேரப்பிள்ளை போன்ற சட்டத்துக்கு ஆயுள் கேட்டார். அவர் மீது பழி மட்டும் போட்டுவிட முடியாது: எல்லாக் காவல் ஆணைகளும் அறிவுரைக் கழகத்தின் முன் போக வேண்டும் என்ற மாற்றமும் அதே திருத்தத்தில் வந்தது. சிறைவாசம் தெரிந்தவர் கை பட்டதன் அடையாளம் என்று அதைச் சொல்லலாம்.

திருத்தணி இந்தக் காலத்தில் கொடி மாறி மாறிப் போனது. 1911 முதல் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது, 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலத்தோடு போனது. ம.பொ.சி.யும் உள்ளூர்த் தலைவர்களும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தில் பலர் சிறை போனார்கள். எல்லைத் தகராறில் வந்த படாஸ்கர் தீர்ப்புக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. மாநிலம் மாறியது, தலைக்கு மேல் இருந்த தடுப்புக் காவல் சட்டம் மட்டும் எல்லைக்கு இரு பக்கமும் ஒன்றாகவே இருந்தது.

1962இல் சீனப் போர். அதற்காக இந்தியப் பாதுகாப்பு விதிகள் வந்தன. 1965இல் சீனாவுக்கும் இந்தி எதிர்ப்புக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. கருணாநிதி அதே விதிகளின்படி பாளையங்கோட்டைச் சிறைக்குப் போனார். 1971இல் மிசா என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம். இந்த முறை வெளிநாட்டு உளவும் உள்நாட்டுக் கலவரமும் சாக்கு.

1975 ஜூனில் நெருக்கடி நிலை அறிவித்த சில நாளிலேயே மிசாவில் 16ஏ என்ற பிரிவு சேர்ந்தது. இனிக் காரணங்களைக் கைதியிடம் சொல்ல வேண்டியதில்லை. கோபாலன் வழக்கில் மீண்ட தாள் மறுபடியும் அரசின் அலமாரிக்குள் போனது. தமிழ்நாட்டில் திமுக ஆட்சி இருந்தவரை கைதுகள் பெரிதாக நடக்கவில்லை. 1976 ஜனவரி 31 அன்று ஆட்சி கலைந்தது, அன்றிரவிலிருந்தே வேட்டை. மு.க.ஸ்டாலின், முரசொலி மாறன், ஆற்காடு வீராசாமி, வைகோ என்று திமுகவினர் வரிசையாக மிசா கைதிகள் ஆனார்கள். சென்னை மத்தியச் சிறையில் பிப்ரவரித் தொடக்கத்தில் அவர்களை அடித்தார்கள். ஸ்டாலின் மீது விழ வேண்டிய அடிகளைச் சிட்டிபாபு தன் மேல் வாங்கிக்கொண்டார் என்பது திமுகவினர் இன்றும் சொல்லும் செய்தி. சென்னை மேயராகவும் மக்களவை உறுப்பினராகவும் இருந்த சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். அவர் எழுதிய சிறை நாட்குறிப்பு பின்னர் அச்சில் வந்தது. நீதிபதி எம்.எம்.இஸ்மாயில் ஆணையம் விசாரித்து, கைதிகள் அடிபட்டது உண்மைதான் என்றது.

அந்த நாள்களில் நீதிமன்றத்துக்குப் போகவும் வழி இல்லை. 1976 ஏப்ரல் 28 அன்று ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம், நெருக்கடி நிலையில் காவல் கைதி ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்றது. நீதிபதி எச்.ஆர்.கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டார். தலைமை நீதிபதிப் பதவியை அதற்கு விலையாகக் கொடுத்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லண்டனில் பிரபுக்கள் சபை கொடுத்த லிவர்சிட்ஜ் தீர்ப்பின் நிழல் அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பில் விழுந்திருந்தது. அமைச்சர் ‘நம்புகிறேன்’ என்று சொன்னால் போதும், காரணத்தைத் துருவக் கூடாது என்பது லண்டன் தீர்ப்பு. அங்கேயே செல்வாக்கு இழந்துகொண்டிருந்த தீர்ப்பு டெல்லியில் புது வாழ்வு பெற்றது. ஜபல்பூர் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தூக்கியெறிந்தது 2017இல்.

மிசா போனது. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தமிழ்நாட்டுக்கென்று தனிச் சட்டம் வந்தது, அந்த ஆண்டின் 14ஆம் எண் சட்டம். கள்ளச்சாராயக்காரர்கள், போதைப்பொருள் குற்றவாளிகள், குண்டர்கள், விபசாரத் தொழில் நடத்துவோர், குடிசைப் பகுதி நிலத்தை அபகரிப்போர் என்று ஐந்து வகையினர். பிறகு வந்த ஆட்சிகள் பட்டியலைச் சுருக்கவில்லை, நீட்டின. வனக் குற்றவாளிகள் வந்தார்கள். 2004இல் திருட்டு வீடியோக்காரர்கள் சேர்ந்தார்கள். மணல் திருடுவோரும், 2014இல் இணையக் குற்றவாளிகளும் பாலியல் குற்றவாளிகளும் சேர்ந்தார்கள். திருட்டு விசிடி விற்றவரும் விசாரணையின்றி ஓராண்டு காவலுக்கு உள்ளாகலாம் என்ற நிலை இப்படி வந்தது. தடுப்புக் காவலில் தமிழ்நாடு நாட்டின் முதல் வரிசை மாநிலங்களில் ஒன்று.

பட்டியல் நீண்டாலும் அதில் இல்லாதவர்களும் மாட்டினார்கள். 2017 மே 21 அன்று சென்னை மெரினாவில் ஈழப் போரில் இறந்தவர்களுக்கு நினைவேந்தல் நடத்தப் போன மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்தியும் வேறு மூவரும் குண்டர் சட்டத்தில் அடைபட்டார்கள். செப்டம்பர் 19 அன்று உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. வென்றார்கள்தான், அதற்குள் நான்கு மாதம் புழலில் போய்விட்டது. ரத்தாகும் ஆணைகள் பலவற்றிலும் இதே கணக்குதான். ஆணை சட்டப்படி தவறு என்று தெரியவரும்போது தண்டனையில் ஒரு பகுதி முடிந்திருக்கும். 2011இல் ரேகா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், சாதாரணச் சட்டம் போதுமான இடத்தில் தடுப்புக் காவல் கூடாது என்றும், ஜாமீன் மனுவே போடாதவர் ‘ஜாமீனில் வந்துவிடுவார்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதுவது செல்லாது என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் புக்லெட்டில் ஜாமீன் நகலுக்கு இத்தனை மவுசு.

இனிப் பயங்கரவாதம். திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கு முனையில் திருத்தணி இருக்கிறது, தென்கிழக்கே சென்னையை ஒட்டிப் பூந்தமல்லி. தமிழ்நாட்டின் பெரிய பயங்கரவாத வழக்குகள் பலவும் பூந்தமல்லித் தனி நீதிமன்றத்தின் வழியாகத்தான் போயிருக்கின்றன. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் உடனிருந்தவர்களும் குண்டுவெடிப்பில் இறந்தார்கள். பயங்கரவாதத்துக்கென்று செய்த தடா சட்டம் கையில் இருந்தது. குற்றப்பத்திரிகை போட அப்போது அது கொடுத்த அவகாசம் ஓராண்டு வரை. காவல் கண்காணிப்பாளர் எழுதிக்கொள்ளும் ஒப்புதல் வாக்குமூலமும் சாட்சியம் ஆகும்.

அந்த வழக்கில் 19 வயதான பேரறிவாளன் ஜூன் 11 அன்று கைதானார். குற்றப்பத்திரிகை 1992 மே 20 அன்று தாக்கலானது, ஓராண்டு முடிய மூன்று வாரம் இருக்கும்போது. 1998 ஜனவரியில் பூந்தமல்லி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்கு என்றது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம், இது தடாவின் கீழ் வரும் பயங்கரவாதக் குற்றமே அல்ல என்றது. 19 பேர் வெளியே வந்தார்கள். ஆனால் தடாவால் மட்டுமே சாட்சியமான அந்த வாக்குமூலங்கள் மற்றவர்களுக்கு எதிராக நிலைத்தன. பேரறிவாளனின் வாக்குமூலத்தை எழுதிய சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன், ஓய்வு பெற்ற பிறகு 2013இல், வெடிகுண்டுக்குப் பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட பேட்டரியை வாங்கிக் கொடுத்தது எதற்கென்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாகச் சொன்னார். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் பேரறிவாளனை விடுவித்தபோது உள்ளே போய் ஏறத்தாழ முப்பத்தோராண்டு ஆகியிருந்தது.

தடா 1995இல் காலாவதியானது. 2002இல் பொடா என்ற புதிய பயங்கரவாதத் தடுப்புச் சட்டம். இதற்கு நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் ஆதரவு தந்த கூட்டணியில் திமுகவும் மதிமுகவும் இருந்தன. அந்த ஆண்டு ஜூலை 11 அன்று அமெரிக்காவிலிருந்து திரும்பிய வைகோவைச் சென்னை விமான நிலையத்தில் ஜெயலலிதா அரசு பொடாவில் கைது செய்தது. திருமங்கலம் கூட்டத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசினார் என்பது குற்றச்சாட்டு. மிசாவில் ஓராண்டு இருந்தவர், தன் கட்சி ஆதரித்த சட்டத்தில் பத்தொன்பது மாதம் வேலூர்ச் சிறையில் இருந்தார். வாய்தாவுக்கு வாய்தா வேலூரிலிருந்து பூந்தமல்லிக்குப் போலீஸ் வண்டியில் வந்துபோனார். ஆகஸ்டில் பழ.நெடுமாறனும் உள்ளே போனார். 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பயங்கரவாதச் செயலுக்குத் துணைபோகும் நோக்கம் இல்லாமல் வெறுமனே ஆதரித்துப் பேசுவது பொடா குற்றம் ஆகாது என்றது. 2004 பிப்ரவரியில் வைகோ ஜாமீனில் வந்தார், செப்டம்பரில் சட்டமே போனது.

இதையெல்லாம் படித்துவிட்டு அரசின் பக்கம் நியாயமே இல்லை என்று முடிவு கட்டினால் அதுவும் பிழை. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் வெடித்த குண்டுகளில் 58 பேர் செத்தார்கள். 2013 அக்டோபர் 5 அன்று திருத்தணியிலிருந்து ரேணிகுண்டா போகும் ரயில் பாதையில் சில நிலையம் தள்ளியிருக்கும் புத்தூரில் ஒரு வீட்டைத் தமிழ்நாட்டுப் போலீஸ் விடியும் முன் சுற்றி வளைத்தது. உள்ளே, கொலை வழக்குகளிலும் அத்வானி போகும் வழியில் பைப் குண்டு வைத்த வழக்கிலும் தேடப்பட்ட இருவர். உள்ளே போன ஆய்வாளர் ஒருவர் படுகாயத்தோடு வெளியே வந்தார். ஆந்திரத்தின் ஆக்டோபஸ் படை வந்தது. பல மணி நேரம் கழித்து ஒரு பெண்ணும் மூன்று குழந்தைகளும் முதலில் வெளியே வந்தார்கள், பிறகு அந்த இருவர். இப்படிப்பட்ட வழக்கில் இரண்டு மாநிலத்து ஆவணங்கள், போன் பதிவுகள், வெடிபொருள் ஆய்வு, பயந்து வாய் திறக்காத சாட்சிகள் எல்லாம் சேர நாளாகும். சாதாரணச் சட்டம் தரும் 60 நாளும் 90 நாளும் போதாது என்று போலீஸ் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 2008இல் திருத்திய யு.ஏ.பி.ஏ. சட்டம் அதனால்தான் 180 நாள் வரை தருகிறது. கூடவே, குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை போலத் தெரிந்தால் ஜாமீன் கூடாது என்றும் சொல்கிறது. சிக்கல் இந்த இரண்டாவதில்தான். தாள் ஆறு மாதத்தில் வந்துவிடும், விசாரணை வருஷக்கணக்கில் வராது. கோவை வழக்கில் 1998 மார்ச்சில் கைதான அப்துல் நாசர் மதனி 2007 ஆகஸ்டில் நிரபராதி என்று வெளியே வந்தார். விசாரணை இப்படி நீண்டுபோனால் யு.ஏ.பி.ஏ.விலும் ஜாமீன் தரலாம் என்று 2021இல் நஜீப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

பிரிட்டனில் இந்தச் சண்டை நாள் கணக்கில் நடந்தது. 2005 ஜூலையில் லண்டனில் 52 பேர் குண்டுகளுக்குப் பலியான பிறகு, குற்றம் சாட்டாமல் 90 நாள் வைக்க டோனி பிளேர் அனுமதி கேட்டார். அவருடைய கட்சிக்காரர்களே பலர் எதிர்த்து வாக்களித்ததால் தோற்றார். 28 நாள் கிடைத்தது. 2008இல் கேட்ட 42 நாளைப் பிரபுக்கள் சபை தடுத்தது. 2011இல் அந்த 28 நாளும் 14 நாளாகக் குறைந்தது. இலங்கையிலோ 1979இல் மூன்று ஆண்டுக்கென்று கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமானது; குற்றப்பத்திரிகை இல்லாமல் 18 மாதம் வரை வைக்க முடிந்தது. பத்திரிகையாளர் ஜெ.எஸ்.திசைநாயகம் 2008 மார்ச்சில் கைதாகி ஐந்து மாதத்துக்கு மேல் எந்தக் குற்றச்சாட்டும் இல்லாமல் இருந்தார். 2022இல்தான் அந்த 18 மாதம் 12 மாதம் ஆனது. 14 நாளா 28 நாளா என்று லண்டன் அடித்துக்கொண்ட அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டில் சாராய வழக்குக்காரர் ஓராண்டு உள்ளே இருப்பது செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் நாலு வரிச் செய்தி.

அரசியலமைப்பிலேயே இதற்கு ஒரு திருத்தம் தயாராக இருக்கிறது. நெருக்கடி நிலையில் தானே விசாரணையின்றி அடைபட்டிருந்த மொரார்ஜி தேசாயின் ஆட்சியில் நாடாளுமன்றம் 1978இல் 44ஆம் திருத்தத்தை நிறைவேற்றியது. அதன் மூன்றாம் பிரிவு, அறிவுரைக் கழகத்தின் ஒப்புதல் இல்லாமல் காவலில் வைக்கும் மூன்று மாதத்தை இரண்டு மாதமாகக் குறைக்கிறது. கழகத்தின் தலைவர், பதவியில் உள்ள உயர் நீதிமன்ற நீதிபதியாக இருக்க வேண்டும், உறுப்பினர்களைத் தலைமை நீதிபதி பரிந்துரைக்க வேண்டும் என்கிறது. இப்போதோ நீதிபதியாகத் தகுதி இருந்தாலே போதும். 1979 ஏப்ரலில் ஜனாதிபதி ஒப்புதலும் கிடைத்தது. திருத்தத்தின் மற்ற பிரிவுகள் அந்த ஆண்டே அமலுக்கு வந்தன. மூன்றாம் பிரிவை அமலாக்கும் அறிவிக்கை மட்டும் அரசிதழில் வரவில்லை. 1981இல் ஏ.கே.ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், அறிவிக்கை வெளியிடு என்று அரசுக்கு உத்தரவிட முடியாது என்றது. அதற்குப் பிறகு காங்கிரசும் ஜனதா தளமும் பாஜகவும் டெல்லியில் ஆண்டிருக்கின்றன. திமுக, அதிமுக, பாமக, மதிமுக நான்கும் வெவ்வேறு காலங்களில் மத்திய அமைச்சரவையில் இருந்திருக்கின்றன. மிசாவிலும் பொடாவிலும் உள்ளே போய் வந்தவர்களின் கட்சிகளும் அவற்றில் உண்டு. அறிவிக்கை இன்னும் வரவில்லை.